வாகனம் – வாசகர் கேள்வி பதில்: பாதி விலைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: 2010-இல் இறக்குமதியான பி.எம்.டபிள்யூ. இசட்4 ஒன்று, மேற்கூரை மடங்கும் வகை, சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. நான்கு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஏர்பேக், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்குகள் நினைத்தபோது எரிகின்றன. கூரை பாதியில் நின்றுவிடுகிறது. “பேட்டரி மாத்தினா எல்லாம் சரியாயிடும்” என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் இந்த வகைக் கார்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளக்குகள் எரியும், கூரையும் வேலை செய்யாது. ஆனால் ஒரு பேட்டரியால் தீரும் கோளாறு என்றால், அதை மாற்றிவிட்டு முழு விலைக்கே விற்றிருக்கலாமே? “புது பேட்டரி போட்டு, ஒரு வாரம் நிறுத்திக் காட்டுங்கள், பிறகு விலை பேசுவோம்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான்கு நாள் கணக்கைப் பார்ப்போம். பேட்டரி 90 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், பாதி இறங்கியதும் செல்ஃப் எடுக்கத் தடுமாறும். 96 மணி நேரத்தில் 45 ஆம்பியர்-மணி போயிருக்கிறது என்றால் ஏறக்குறைய அரை ஆம்பியர் ஓயாமல் ஒழுகுகிறது. நல்ல காரில் இந்த ஒழுக்கு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். அந்த அளவில் அதே பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். எனவே இரண்டில் ஒன்று: பேட்டரி செத்துப்போய் 90-இல் பத்தோ இருபதோதான் தேக்குகிறது, அல்லது ஏதோ ஒரு மின்னணுப் பெட்டி (காரின் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) காரை நிறுத்திய பிறகும் தூங்கப் போகாமல் விழித்தே இருக்கிறது. முதலாவது சின்னச் செலவு. இரண்டாவது எங்கே போய் முடியும் என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

காரைப் பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டரும், வயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வி டி.சி. மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் கொண்டுபோங்கள். கிளாம்ப் மீட்டர் 10 மில்லி ஆம்பியர் வரை துல்லியமாகக் காட்டுவதாக இருக்க வேண்டும். ஏ.சி. மட்டும் அளப்பது இதற்கு உதவாது. நீங்கள் வரும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. ஓய்வில் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுக்கொண்டிருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை. அதற்குக் குறைந்தால் டைனமோவையும் அதன் வயரையும் பாருங்கள். அடுத்து எர்த், அதாவது மின்னோட்டம் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையோ, டிக்கியில் பேட்டரி மைனஸ் பாடியில் சேரும் போல்ட்டோ களிம்பு பிடித்திருக்கிறது. விளக்குகள் கண்டபடி எரிவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். கழற்றித் தேய்த்து முறுக்கினால் தீர்ந்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏ.பி.எஸ். யூனிட்டை மாற்றிய பிறகு எர்த்தில் கண்டுபிடிக்கப்பட்ட கோளாறுகள் பட்டறைகளில் ஏராளம்.

ஒழுக்கு சோதனைக்குப் பொறுமை வேண்டும். டிக்கியைத் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி ‘மூடியிருக்கிறது’ என்று காரை நம்ப வையுங்கள். சாவியைப் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். கிளாம்ப் மீட்டரை மைனஸ் கேபிளில் மாட்டி ஒரு மணி நேரம் யாரும் கதவைத் தொடாமல் விடுங்கள். முதல் சில நிமிடங்களில் பல ஆம்பியர் காட்டுவது இயல்பு. படிப்படியாக இறங்கி 0.05-க்கு வரவேண்டும். அரை ஆம்பியரிலேயே நின்றால் ஃபியூஸ்களைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கிச் சொருகும்போது தூங்கிய பெட்டிகள் எழுந்துவிடும், அளவு குழம்பிவிடும். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சுழியம் காட்டினால் அதில் மின்னோட்டம் இல்லை. எண் காட்டும் ஃபியூஸ் எந்தப் பெட்டிக்குப் போகிறதோ, அங்கே தேடுங்கள். பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

கூரைக்கு வருவோம். டிக்கிக்குள் சாமான் வைக்கும் இடத்தைப் பிரிக்கும் ஒரு தடுப்பு உண்டு. அது சரியாக இறக்கி மாட்டப்படாவிட்டால் கூரை அசையாது. இதைக்கூடத் தெரியாமல் பம்ப் போய்விட்டது என்று விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியாக இருந்தால் டிக்கிக் கீல் ஓரமாகப் போகும் வயர்க் கட்டைப் பாருங்கள். ஆயிரம் முறை மடங்கி விரிந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேலே உறை நன்றாகவே இருக்கும். கூரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்தக் கட்டத்து சென்சார். மோட்டார் சத்தம் கேட்டும் அசைவு இல்லை என்றால் ஹைட்ராலிக் பம்ப் அல்லது எண்ணெய்க் கசிவு. இதுதான் செலவு வைக்கும்.

இத்தனைக்கும் மேலாக நாங்கள் அஞ்சுவது தண்ணீர். 2010 கார் என்றால் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தையும், நம் பக்கம் ஓடியிருந்தால் 2018 நவம்பர் கஜா புயலையும் தாண்டி வந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் வண்டி எந்த ஊரில் இருந்தது, இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதும் உண்டா என்று பழைய பாலிசிகளைக் கேளுங்கள். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள் முனையில் சேற்றுக் கோடு இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். சீட் ரெயில் போல்ட்டுகளில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற ஏர்பேக் கப்ளரில் (வயர் இணைப்பியில்) பச்சைக் களிம்பு ஆகியவற்றையும் தேடுங்கள். அந்தக் கப்ளரைக் கண்ணால் மட்டும் பாருங்கள், கழற்றாதீர்கள். டிக்கித் தரைக்கு அடியிலுள்ள பள்ளங்களில் சேறோ ஈரமோ தட்டுப்படுகிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள். தண்ணீர் புகுந்த ஹார்னஸில் (வயர்க் கட்டில்) ஒரு கோளாறைச் சரிசெய்தால் ஆறு மாதத்தில் இன்னொன்று வரும். கப்ளருக்குள் களிம்பு தானாக வளர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அப்படிப்பட்ட காரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஸ்கேனர் வைக்கும்போது எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவுக் கருவி போதாது. கூரை, ஏர்பேக், ஏ.பி.எஸ். என எல்லாப் பெட்டிகளையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, பிழைகளைப் பதிவெடுத்து, அழித்து, முப்பது கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி படிக்க வேண்டும். திரும்பி வருபவைதான் உண்மையான கோளாறுகள். முதல் தடவையே ஒரு பிழையும் இல்லை, ஆனால் புகைச் சோதனைக்காகக் கார் தானே செய்துகொள்ளும் உள் பரிசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான்.

பேட்டரி அல்லது எர்த், அறுந்த கூரை வயர் என்று முடிந்தால் பேரம் பேசி வாங்கலாம். புது பேட்டரி போட்டால் அதைக் காரின் கணினியில் பதிவுசெய்ய மறக்காதீர்கள். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்கான கணக்கிலேயே சார்ஜ் ஏற்றி, புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். காரணம் தெரியாத ஒழுக்கு இருக்கிறது, விற்பவர் சோதிக்க விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு சாவியும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: காரைக்கால் பதிவெண் கொண்ட வெளிநாட்டு கார் ஒன்றை வாங்கப் போகிறேன். சுங்கத் தாள் எதுவும் இல்லை என்கிறார் உரிமையாளர். இது பிரச்சினையா?
– வாசகர், நன்னிலம்

பதில்: கார் எப்படி உள்ளே வந்தது என்பதைப் பொறுத்தது. கம்பெனியே இறக்கி, ஷோரூமில் புதிதாக விற்றது என்றால் உரிமையாளரிடம் சுங்கத் தாள் இருக்காது. ஷோரூம் பில்லும் விற்பனைச் சான்றான படிவம் 21-உம் போதும். தனியார் இறக்குமதி என்றால் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற சுங்க இறக்குமதி ஆவணத்தின் நகலும் வரி கட்டிய ரசீதும் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பயன்படுத்திய காரை இறக்க வேண்டுமானால் உற்பத்தியாகி மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம், வேகமானி கிலோமீட்டரில், இறங்குவது மும்பைத் துறைமுகத்தில் என்பவை விதிகள். உற்பத்தி ஆண்டையும் இறக்கிய ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுற்றுலாவுக்கென்று தற்காலிகமாக வந்து திரும்ப வேண்டிய வண்டிகளும், வரிவிலக்கில் வந்த தூதரக வண்டிகளும் போலிப் பதிவோடு கைமாறுவது உண்டு. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த கார்களைத் தேடிக் கேரளத்தில் சுங்கத் துறை பெரிய சோதனையே நடத்தியது. வண்டி பறிமுதலானால் உங்களிடம் மிஞ்சுவது விற்பவரின் தொலைபேசி எண் மட்டும்தான்.

காரைக்கால் பதிவு, அதாவது பி.ஒய்.-02, கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் வேறு மாநிலக் கணக்கு. தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, புது எண்ணுக்கு 27, கடன் இருந்திருந்தால் வங்கியின் 35. பெரிய தொகை சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையை முன்கூட்டியே கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். கார் 15 வயதைத் தாண்டியிருந்தால் இன்னொன்றும் உண்டு: இறக்குமதி கார் என்று பதிவானவற்றுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 40,000 ரூபாய், 20 ஆண்டு கடந்தால் 80,000.

கேள்வி: அறுவடை முடிந்ததும் எலி புகுந்து எஞ்சின் வயர்களைக் கடித்துவிட்டது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் முறுக்கி டேப் ஒட்டினார். இப்போது கார் ஓடும்போது திடீரென்று அணைகிறது.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: குறுவையோ தாளடியோ அறுத்து வயல் வெறுமையானதும் எலிகள் ஷெட்டுக்கு வருவது நம் பக்கத்து வழக்கம். முறுக்கிய இணைப்பு எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் தளரும். ஈரக்காற்றில் களிம்பு ஏறும். டேப்பைப் பிரித்து, செம்பு பளபளக்கும் வரை வெட்டி, அதே தடிமனும் அதே நிறமும் கொண்ட வயரைச் சேர்த்து, கிரிம்ப் (நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்) போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ் மாட்டச் சொல்லுங்கள். பல வயர்கள் ஒரே கட்டில் அறுந்திருந்தால் இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும்.

ஒன்றையொன்று முறுக்கியபடி போகும் இரண்டு வயர்கள் தெரிந்தால் அவை கணினிப் பெட்டிகள் பேசிக்கொள்ளும் கேன் வயர்கள். அவற்றை இணைத்த பிறகும் அதே முறுக்கு இருக்க வேண்டும். பிரிந்த நிலையில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விடக்கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டின் 6-ஆம், 14-ஆம் பின்களுக்கிடையே ஓம் அளந்தால், பெரும்பாலான கார்களில் 60 வரும். 120 என்றால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சில ஐரோப்பியக் கார்களில் இடையில் செய்திகளைக் கடத்திவிடும் ஒரு கேட்வே பெட்டி இருப்பதால் இந்த எண் மாறும். பழைய பல்ப் டெஸ்ட் லாம்ப்பைக் கணினி வயர்களில் வைக்க விடாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டத்தில் பெட்டியே போய்விடும். எலிக்கு விஷம் வைக்கவும் வேண்டாம், ஏ.சி. குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். அடியில் கம்பி வலையும், மிளகாய்க் காரம் ஏற்றிய எலித் தடுப்பு டேப்பும் பலன் தரும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த காரில் எஃப்.எம். பாதி நிலையங்கள் வருவதில்லை. ஏரியல் கோளாறா?
– வாசகர், திருவையாறு

பதில்: இல்லை. ஜப்பான் ரேடியோ 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 அல்லது 95-இல் முடிந்துவிடும். நம்முடையது 88 முதல் 108. ஏரியல் வயரில் மாட்டும் அலைவரிசை மாற்றி கிடைக்கிறது, ஆனால் ஒலித் தரம் சுமார். ஸ்டீரியோவை மாற்றுவதே மேல்.

கேள்வி: மாதம் இரண்டு முறைதான் ஓட்டுவேன். மழைக்காலத்தில் காரை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள், உப்பு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். காற்று போகும் துணிக் கவர் போதும். ஐப்பசி பிறக்கும் முன் கூரை, கண்ணாடி ஓரங்களிலுள்ள வடிகால் துளைகளில் மெல்லிய நைலான் நரம்பை விட்டு இலைதழைகளை எடுங்கள்; அடைத்த வடிகால்தான் தண்ணீரைக் கணினிப் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. பேட்டரிக்கு, நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜர் மாட்டிவையுங்கள். ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) என்றால் அந்த வசதி உள்ள சார்ஜர்தான் வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் கார் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்காமல் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, நான்கு சக்கரமும் தூக்கும் தளமேடை லாரியை அழையுங்கள்.