பட்டாளத்தான் பிள்ளை அழலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். செகந்தராபாத் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இப்போது அவருக்கு ஃபீல்டு போஸ்டிங். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதால், நானும் மகனும் வேலூர் பக்கம் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத்தான் தடுமாறுகிறான். ஆனாலும் ஒரு நாள்கூட அழவில்லை. ‘பட்டாளத்தான் பிள்ளைன்னா சும்மாவா!’ என்று தெருவே மெச்சுகிறது. எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: இரண்டுமே நியாயம்தான் சகோதரி. என் அப்பாவும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். பிளஸ் டூ முடிப்பதற்குள் நான் ஆறு பள்ளிகளைப் பார்த்துவிட்டேன்.

வீட்டில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி உண்டு. மாற்றல் வந்ததும் அப்பா அதில் இருக்கும் ஊர்ப் பெயரின் மேல் கறுப்பு அடித்து, வெள்ளை பெயிண்டில் புது ஊரை எழுதுவார். டப்பாவைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சாயங்கால வெயில் பட்டால் பழைய எழுத்து மேடாகத் தெரியும். பதான்கோட்டுக்கு அடியில் ஜபல்பூர். யாரும் இல்லாதபோது அதைத் தடவிப் பார்ப்பேன்.

1963-இல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயா, எங்களைப் போல ஊர் மாறும் பிள்ளைகளுக்கென்றே வந்தது. எங்கே போனாலும் அதே பாடம். ஆனால் பக்கத்தில் உட்காருபவள் புதுசு. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் நாள் இரண்டு ஷார்ப்னர் கொண்டுபோவேன். ஒன்று எனக்கு, இன்னொன்று கடன் கொடுக்க. மதியத்துக்குள் ஒரு சிநேகிதி கிடைத்துவிடுவாள்.

உங்கள் மகனும் இப்படி ஏதோ செய்துகொண்டிருப்பான். அதைக் கவனித்துப் பாராட்டுங்கள். ‘நீயே போய்ப் பேசினியா? பெரிய விஷயம்டா’ என்று சொல்லுங்கள். அழாததற்கு மட்டும் ஷொட்டு வேண்டாம். ஒருமுறை லீவு முடிந்து அப்பா காட்பாடியில் ரயில் ஏறினார். ‘சோல்ஜர் பொண்ணு அழக்கூடாது’ என்று மாமா தோளைத் தட்டினார். அழவில்லை. நாலு நாள் கழித்து ஒரு ஷார்ப்னர் உடைந்தது. அதற்கு அரை நாள் அழுதேன். அம்மா திட்டவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

தினமும் காலையில் வயிற்றுவலி, தூக்கத்தில் பயம் என்று வந்தால் மட்டும் வகுப்பு ஆசிரியையிடமும் குழந்தை டாக்டரிடமும் பேசுங்கள்.

அப்புறம், போன் இருந்தாலும் கணவரைத் தமிழில் கடிதம் எழுதச் சொல்லுங்கள். நாலே வரி, பெரிய எழுத்தில். அவனே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். பதிலுக்கு உறையில் ‘56 ஏ.பி.ஓ.’ (ராணுவத் தபால் நிலையம்) என்றும் அவனே எழுதட்டும். ஊர்ப் பெயரே இல்லாத அந்த முகவரியை நான் அட்லஸில் தேடியிருக்கிறேன்!

ஆண்டு விடுப்பு 60 நாள். அவர் வந்ததும் பையன் ஓடிவந்து கட்டிக்கொள்ளாவிட்டால் மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். நானும் தம்பியும் முதல் இரண்டு நாள் கதவுக்குப் பின்னாலிருந்துதான் அப்பாவைப் பார்ப்போம். மூன்றாம் நாள், அவருடைய பூட்ஸுக்கு யார் பாலிஷ் போடுவது என்று எங்களுக்குள் அடிதடி.