கேளுங்கள், சொல்கிறோம்: வாசனை ஜெரேனியம்

கேள்வி: நர்சரியில் 'கொசு விரட்டும் செடி' என்று எழுதி வைத்திருந்ததை நம்பி வாசனை ஜெரேனியம் மூன்று தொட்டி வாங்கிவிட்டார் என் மாமனார். படுக்கையறை சன்னலில் வைத்தால் டெங்கி பயமே வேண்டாம் என்கிறார். உண்மையா?
– வாசகி, செங்காங்

பதில்: செடி இருக்கட்டும், அழகுதான். ஆனால் கொசு விஷயத்தில் அதை நம்பாதீர்கள். வாசனை எண்ணெய் இலையில் உள்ள நுண்ணிய சுரப்பி முடிகளுக்குள் அடைந்து கிடக்கிறது, யாராவது தேய்த்தாலோ கசக்கினாலோதான் நன்றாக வெளியே வரும். சும்மா சன்னலில் நிற்கும் செடி அறை முழுக்கக் காவல் காக்காது. கனடாவில் இதே செடியை ஏடிஸ் இனக் கொசுக்கள் (டெங்கியைப் பரப்புவதும் இந்த இனம்தான்) உள்ள இடத்தில் வைத்துச் சோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். செடி பக்கத்தில் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் கொசு ஒரே மாதிரிதான் கடித்ததாம். கொசு அந்த இலையிலேயே வந்து உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறார்கள்!

எனக்குக் கவலை அந்த மூன்று தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகள்தான். இருபது காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் முட்டையிடப் போதும், நம் சிங்கப்பூர்ச் சூட்டில் ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். கொசுவை விரட்ட வாங்கிய செடியே கொசு வளர்த்தால் எப்படி? தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டித் துடையுங்கள். இறுகிப்போன மண்ணின் மேலும் தண்ணீர் நிற்கும், கிளறிவிடுங்கள். உடம்பில் பூச டீட் அல்லது பிக்காரிடின் உள்ள மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாவம், ஆசையாக வாங்கியிருக்கிறார்.

கேள்வி: தாழ்வாரத்தில் வைத்த செடியின் தண்டு அடியிலிருந்து கறுக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: தினமும் ஊற்றுவதுதான் வினை. இது தென்னாப்பிரிக்காவின் செடி. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் இதை எண்ணெய்க்காகவே பயிரிடுகிறார்கள், அந்தக் குளிர் இதற்குப் பிடிக்கும். இரவிலும் புழுங்கும் நம் புளோக்கில் வேர் சீக்கிரம் அழுகிவிடும். கறுப்புக்கு மேலே நல்ல தண்டாகப் பார்த்து விரல் நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, வெட்டுவாய் காய்ந்ததும் பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்) கலந்த புது மண்ணில் நடுங்கள். காலை வெயில் படட்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். பழைய செடி எப்படியும் இங்கே நெடுநாள் தாங்காது, அதனால் எப்போதும் ஒரு இளஞ்செடி கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்குத் தூக்கம் வர ஜெரேனியம் எண்ணெய் தேய்க்கலாமா? வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் பூனையும் உண்டு.
– வாசகி, ஜூரோங்

பதில்: வாசனைக்காக, தேய்த்துவிடும் சுகத்துக்காக என்றால் சரி. தூக்கமின்மைக்கு மருந்து என்று நினைத்து டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம். ரோஜாவில் உள்ள ஜெரானியால், சிட்ரோனெல்லால் இரண்டும் இதிலும் உண்டு, அதனால்தான் அந்த ரோஜா மணம் (விலை உயர்ந்த ரோஜா எண்ணெயில் இதைக் கலந்து விற்பவர்களும் உண்டு). அதே இரண்டு பொருள்கள்தான் சிலருக்குத் தோல் அரிப்பையும் கொண்டுவரும். ஆகவே நேரடியாகப் பூசக் கூடாது. 30 மில்லி தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ 6 சொட்டு விட்டால் ஏறக்குறைய ஒரு சதவீதம், அம்மாவின் வயதுக்கு அது போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள். வாங்கும்போது புட்டியில் 'பெலார்கோனியம் கிராவியோலென்ஸ்' என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள். வெறும் 'ஃபிராக்ரன்ஸ் ஆயில்' என்றால் அது வேறு சரக்கு.

பூனைதான் சிக்கல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 2024 செப்டம்பரிலிருந்து பூனை வளர்க்க அனுமதி வந்தபிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இந்தச் செடியும் எண்ணெயும் பூனைக்கு ஆகாது, அதன் ஈரலால் இவற்றை எளிதில் முறிக்க முடியாது. ஏர்கான் போட்டு மூடிய அறையில் டிஃப்யூசர் (எண்ணெய் மணத்தைக் காற்றில் பரப்பும் கருவி) ஓட்டாதீர்கள், எண்ணெய் தேய்த்த கையால் பூனையைத் தடவாதீர்கள். புட்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், உடனே ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள்.

கேள்வி: இலையைத் தேநீரில் போடலாமா?
– அதே வாசகி

பதில்: ரோஜா மண வகை என்றால் ஓரிரு இலை போடலாம், கேக்கிலும் சர்க்கரையிலும் மணத்துக்குச் சேர்ப்பவர்கள் உண்டு. நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அதனால் வாங்கிய இலையை விட்டுவிட்டு, வீட்டில் புதிதாகத் துளிர்த்ததை மட்டும் பறியுங்கள். எண்ணெயை மட்டும் ஒரு சொட்டுகூட வாய்க்குள் விடாதீர்கள்.