நெருங்கிய நண்பரால் இந்தக் கோடையில் எங்கும் போக முடியாத நிலை. என் விடுமுறைப் பயணத் திட்டத்தை அவரிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்பே சொல்லுங்கள். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு என்னால் அப்படியே நகர முடியவில்லை. இதே தயக்கத்தில் வாயை மூடிக்கொண்டு போய்விட்டு வந்து, உயிர்த்தோழியைக் கிட்டத்தட்ட இழந்தவள் நான்.

நீங்கள் விவரம் எழுதவில்லை, ஆனால் நிலைமை எனக்குப் புரிகிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மனசு முழுக்கப் பயணம்தான், அவர் போன் செய்தால் மட்டும் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறீர்கள். அவரை நோகடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நானும் அவளும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. தேர்வுக்குப் படிக்க வேண்டிய ராத்திரிகளில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மலை ஏரிக்குப் போகும் வழியை வரைந்துகொண்டிருப்போம். எந்த நாள் எங்கே தங்குவது, யார் முதலில் தண்ணீரில் கால் வைப்பது என்பது வரைக்கும் அதில் இருந்தது. அப்புறம் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு ஊர். ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் விடுமுறை எப்படிப் போனது, அடுத்து எங்கே என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வோம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு என் குடும்பத்தோடு அந்த ஏரிக்கே போகும் வாய்ப்பு வந்தது. அதே மாதம்தான் அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவள் வேலைக்கும் விடுப்புப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள். இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "லீவுக்கு எங்கேயாவது போகிறாயா?" என்று அவளே கேட்டபோதும், "இன்னும் முடிவாகவில்லை" என்று சொல்லிவிட்டேன். அது பொய். அன்றைக்குப் பெட்டியே கட்டியாகிவிட்டது.

ஏரிக்கரையில் எடுத்த படத்தை எங்களோடு வந்த உறவினர் ஒருவர் என் பெயரோடு சேர்த்துப் போட்டுவிட்டார். அன்று ராத்திரி அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "ஏரி நல்லா இருக்கா?"

ஊர் திரும்பியதும் குற்ற உணர்ச்சியில் 83 படங்களை ஒரேயடியாக அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து நானே அழைத்தேன். அப்போது அவள் சொன்னது: "நீ போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு ராத்திரி சும்மா உட்கார்ந்திருப்பேன். இன்னைக்கு அவள் அங்கே இருப்பாள், நாளைக்கு ஏரிக்குப் போவாள் என்று நினைத்துக்கொள்ளக்கூட நீ விடவில்லையே."

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறைக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இருந்தது கிளம்புவதற்கு முன்புதான். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. அப்படியென்றால் அவளோடு பகிர்ந்திருக்கக்கூடிய நல்ல பகுதியைத்தான் நான் மறைத்திருக்கிறேன். அந்தப் படங்கள் ஏன் எடுபடவில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், டிமோத்தி வில்சன் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் 2017-ல் எழுதிய ஆய்வின்படி, கேட்பவர்கள் புதுக் கதையைவிட ஏற்கனவே தெரிந்த விஷயத்தைப் பற்றிய கதையைத்தான் அதிகம் ரசிக்கிறார்கள். புதுசு என்றால் சொல்பவர் விடும் இடைவெளிகளைக் கேட்பவரால் நிரப்ப முடிவதில்லை. முன்கூட்டியே திட்டம் தெரிந்த நண்பருக்கு அந்த இடைவெளி குறைவு, நாம் திரும்பி வந்து சொல்வது பாதி அவருடைய கதையாகவே இருக்கும்.

சிலர் உடனே, இது பெருமையடிப்பதுதானே, அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதுதானே என்பார்கள். ஊருக்கெல்லாம் அறிவிக்கச் சொல்லவில்லை. வீடு பூட்டிக் கிடக்கும் தேதிகளைப் பொதுவில் போடுவது ஆபத்து, அதை நானும் செய்வதில்லை. நான் பேசுவது ஒரே ஒரு ஆளிடம் சொல்வதைப் பற்றி. எல்லா நண்பர்களும் இவளைப் போல இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் நீங்களே "நெருங்கிய" என்று எழுதியிருக்கிறீர்கள்.

போன வருடம் வெளிநாட்டுப் பயணம். தேதி உறுதியாகும் முன்பே முழுத் திட்டத்தையும் அவளுக்கு அனுப்பினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "உன் பாஸ்போர்ட் எப்போ முடியுது?" எடுத்துப் பார்த்தால் பயணத் தேதியிலிருந்து நான்கு மாதம்தான் மிச்சம். பல நாடுகளில் 6 மாதமாவது செல்லுபடியாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அவள் கேட்டிருக்காவிட்டால் விமான நிலையத்திலிருந்தே திரும்பியிருப்பேன். பயணத்தின்போது தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிடுவேன். அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும், சாயங்காலம் மறுபடி போட வேண்டும். "நேற்று ஒரே இடத்தில் ரெண்டு மணி நேரம் நின்றாயே, என்ன பார்த்தாய்?" என்று கேட்பாள். அவள் கேட்கக் கேட்க எனக்கே மறந்துபோனதெல்லாம் ஞாபகம் வந்தது.

     

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். முதலில் அவருடைய கோடை எப்படிப் போகிறது என்று கேளுங்கள், ஒப்புக்குக் கேட்காமல் அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருங்கள். அப்புறம் எங்கே, எத்தனை நாள், யாரோடு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "உனக்குச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். படங்கள் அனுப்பினால் நாளுக்கு இரண்டோ மூன்றோ போதும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதுங்கள்.