சிரப்பை ஊரிலிருந்து தூக்கி வராதீர்கள் தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். பாலக்கோட்டிலிருந்து குடும்பத்தோடு நெதர்லாந்தில் ஐந்தோவன் நகருக்கு வந்து 3 மாதம் ஆகிறது, 5 வயதுப் பாப்பா சாக்லேட் சிரப் ஊற்றாமல் பாலைத் தொட மாட்டேன் என்கிறாள், ஊரில் குடித்த அதே சிரப்பை வருகிறவர்களிடம் சொல்லி நான்கு பாட்டில் வரவழைக்கலாமா, இல்லை வீட்டிலேயே காய்ச்ச முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தப் பக்கம்தான், காவேரிப்பட்டணம். நெதர்லாந்து போய் 14 வருடம் ஆகிவிட்டது. இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். நேற்றுதான் அம்மாவின் அடுப்பில் ஒரு பாட்டில் காய்ச்சினேன், அதனால் அளவெல்லாம் நினைவிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகம். பாப்பாவுக்கு என்ன பால் வாங்குகிறீர்கள்? டப்பாவில் 'கார்னமெல்க்' என்று போட்டிருந்தால் அது பால் இல்லை, மோர். புதிதாக வருகிற நம் ஆட்களில் பாதிப் பேர் முதல் வாரம் அதை வாங்கித் திருதிருவென்று முழித்தவர்கள்தான். நான் அதில் காபி போட்டேன். 'வொல்ல மெல்க்' என்பதுதான் முழுப் பால். அதையும் நம் வீட்டு வழக்கப்படி ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பச்சைத்தண்ணி மாதிரி பாலை எந்தப் பிள்ளைதான் குடிக்கும்?

பாட்டில் வரவழைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். முதல் தடவை நான் கொண்டு போனேன். வழியில் மூடி நெகிழ்ந்து, பெட்டியைத் திறந்தால் வேட்டி, மல்லித்தூள், அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு எல்லாமே சாக்லேட். முறுக்கை மட்டும் தின்றுவிட்டோம், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நெய், பால்கோவா மாதிரிப் பால் பொருட்களை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பெட்டியில் கொண்டு வரக்கூடாது. வருகிறவர்களிடம் ஆசையாகச் சொல்லி அனுப்பி அவர்களை மாட்டிவிடாதீர்கள்.

அதுவும் நீங்கள் போயிருப்பது கோகோ தூளுக்குப் பேர்போன நாடு. 1828-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹவுட்டன் குடும்பம்தான் கோகோவை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கியது. தூளில் காரப்பொருள் (ஆல்கலி, மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்துப் புளிப்பைக் குறைக்கிற வேலைக்கு இன்றைக்கும் டச்சு முறை என்றுதான் பெயர். ஒரு நாள் ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஸான்டாம் பக்கம் போய்ப் பாருங்கள், காற்று வாகாக அடித்தால் ஊரே கோகோ மணக்கும். மாம்பழ சீசனில் நம் பக்கம் மாங்கூழ் எடுக்கிற பல்ப் ஃபேக்டரி வழியாகப் போனால் ஒரு வாசனை வருமே, அந்த மாதிரி. அங்கே முதல் தடவை இறங்கி நின்றபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை சேர்க்காத கோகோ தூளாகப் பார்த்து எடுங்கள். பின்பக்கம் பொருட்பட்டியலில் சர்க்கரை முதலில் இருந்தால் அது பாலில் கலக்குகிற தூள், அதில் சிரப் காய்ச்சினால் இனிப்புச் சேறுதான் கிடைக்கும். அங்கே சாதாரணக் கோகோ தூளிலேயே 20 சதவீதத்துக்குக் குறையாமல் கோகோ கொழுப்பு இருக்கும். சிரப் வழவழப்பாக வருவது அதனால்தான்.

சர்க்கரை 300 கிராம், கோகோ 75 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைத் தண்ணீர் விடாமல் முதலில் நன்றாகக் கலந்துவிடுங்கள். கோகோவில் கொழுப்பு இருப்பதால் நேராகத் தண்ணீரில் கொட்டினால் மிதந்து கட்டிகட்டியாக நிற்கும். சர்க்கரை நடுவில் புகுந்துகொண்டால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் 200 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, மிதமான சூட்டில் வையுங்கள். பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். கொதி வந்ததும் பால் மாதிரியே நுரைத்துக்கொண்டு எழும்பும், வழிந்தால் அடுப்பைச் சுரண்டியே கை ஓய்ந்துவிடும். ஊரிலிருந்து அலுமினியச் சட்டி எடுத்து வந்திருந்தால் அது இண்டக்‌ஷனில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கொதிக்கும்போது தண்ணியாகத்தான் இருக்கும். இன்னும் கெட்டியாகட்டும் என்று விட்டால், ஆறியபின் பாட்டிலிலிருந்து கீழே இறங்காது, கத்தியால்தான் வெட்ட வேண்டும். நான் தராசு வைத்துக்கொள்கிறேன். போட்ட மொத்த எடை 575 கிராம். காலிப் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துக்கொண்டு, நடுவில் ஒரு மடித்த துணி மேல் வைத்து நிறுத்துப் பாருங்கள். துணியின் எடையையும் கழித்துவிடுங்கள். 535 வந்ததும் இறக்கிவிடலாம். நான்கைந்து நிமிடக் கொதியில் வந்துவிடும்.

அது ஏன் 535? காலேஜ் படிக்கும்போது இரண்டு சீசன் இங்கே ஒரு பல்ப் ஃபேக்டரியில் பிரிக்ஸ் மீட்டர் பிடித்தவன் நான். பெங்களூரா மாங்கூழ் 14 பிரிக்ஸ் காட்டும், அதாவது 100 கிராமில் 14 கிராம் அளவுக்குச் சர்க்கரை. அதை அப்படியே வைத்தால் இரண்டே நாளில் புளித்துவிடும், அதனால்தான் டின்னில் அடைத்து வேக வைக்கிறார்கள். பாகு 65-ஐத் தொட்டுவிட்டால் கதையே வேறு. தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமி எளிதில் வளராது. நம் கணக்கில் 40 கிராம் தண்ணீர் ஆவியானால் சர்க்கரையும் தண்ணீருமாக அந்த 65 வந்துவிடுகிறது. ஆனாலும் ஈரக் கரண்டியை விட்டால் மேலாகப் பூஞ்சை வரும். கொதிநீரில் அலசிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று வாரம் தாங்கும். வெனிலா போடுவதானால் இறக்கியபின் போடுங்கள், முன்பே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

நேற்று நான் தராசைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா கரண்டியால் தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் ஒரு கோடு இழுத்து, "பாகுப் பதம்தானே, இதுக்கு எதுக்குடா தராசு? இறக்கு" என்றார். கோடு மூடாமல் நின்றது. நிறுத்துப் பார்த்தேன், 538.

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை வெல்லத்திலும் ஒரு ஈடு போட்டோம். மண் போக வடிகட்டி, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் காய்ச்சினால் போதும். வாசனை பிரமாதம், எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் கொதிக்கிற பாலில் ஊற்றிவிடாதீர்கள், திரிந்துவிடும். ஆறிய பாலுக்குச் சரி. அக்கா பையன் பாலை விட்டுவிட்டு ராகி அடையில் ஊற்றிச் சாப்பிட்டான். ராகி மாவு அங்கேயும் இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

பாப்பாவுக்கு ஒரு தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி போதும், அதிலேயே நான்கு கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அடுத்த மாதம் திரும்பி வருகிறேன். ஊரிலிருந்து ஏதாவது வேண்டுமானால் வெல்லம் சொல்லுங்கள், அது பெட்டியில் ஒழுகாது. அதற்கு முன் அந்தப் பால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.