நூர்பர்க்ரிங்குக்கு ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் இருக்கும் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன்பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஒரே நாளில் போய்வர முடியுமா, போனால் என்ன பார்ப்பது, நாமே ஓட்டலாமா என்று. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

பிராங்க்பர்ட்டில் வேலை செய்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போய், அதே காரில் நோர்ட்ஷ்லைஃபேயில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வரலாம் என்று திட்டம். காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்கிறார்களே, நிஜமா?
(பிராங்க்பர்ட் வாசகர்)

நிஜம்தான். நோர்ட்ஷ்லைஃபே என்கிற பழைய வடக்குச் சுற்றை, ரேஸோ கார் கம்பெனிகளின் சோதனை ஓட்டமோ இல்லாத நேரங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். செல்லுபடியாகும் லைசன்ஸும் சாலையில் ஓடத் தகுதியான காரும் இருந்தால் போதும். ஒரு லேப்புக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 30, 35 யூரோ போல ஆகும், கிழமையைப் பொறுத்து மாறும். நுழைவாயிலில் கார்டைக் காட்டினால் தடுப்புக் கட்டை தூக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வாடகைக் காரில் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். ஏர்போர்ட்டிலும் ஊருக்குள்ளும் கார் வாடகைக்கு விடுகிறவர்களின் ஒப்பந்தத்தை ஒரு முறை முழுசாகப் படித்துப் பாருங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டக்கூடாது என்று இருக்கும், சிலவற்றில் நூர்பர்க்ரிங் என்று பெயர் சொல்லியே இருக்கும். மீறிப் போய் எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். கார் மட்டும் போனால் பரவாயில்லை. நெளிந்த இரும்புத் தடுப்பை மாற்றும் செலவு, காரை இழுத்துக்கொண்டு வருகிற செலவு, ஆயில் கொட்டியிருந்தால் அதைச் சுத்தம் செய்கிற செலவு, அதுவரைக்கும் டிராக்கை மூடி வைத்ததற்கான கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக பில் வரும். சில நொடிக் கவனக்குறைவுக்கு வருடக்கணக்கில் கடன் கட்டுகிறவர்கள் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் ஓட்டும் அந்த நேரத்தில் சட்டப்படி அது ரேஸ் டிராக்கே கிடையாது, கட்டணம் வாங்குகிற ஒருவழிச் சாலை. ஜெர்மன் சாலை விதிகள்தான் அங்கேயும். முந்துவது இடப்பக்கம் மட்டும், பின்னால் வேகமான வண்டி வந்தால் வலது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழிவிட வேண்டும், நேரம் குறித்து ஓட்டுவதும் ஓட்டிக்கொண்டே வீடியோ எடுப்பதும் தடை. உங்களில் யாராவது ஊரிலிருந்து வந்து சீக்கிரமே 6 மாதம் ஆகப்போகிறது என்றால் இதையும் கவனியுங்கள்: இந்திய லைசன்ஸை வைத்து ஜெர்மனியில் ஓட்ட முடிவதும் குடியேறிய முதல் 6 மாதம்தான்.

சரி, என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர் ஓட்டவே கூடாது, பார்க்கத்தான் வேண்டும். 20.832 கிலோமீட்டர், 73 வளைவுகள், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக் 4 கிலோமீட்டர்கூட இல்லை, நாலைந்து லேப் போனால் அடுத்த வளைவு எது என்று கைக்கே தெரிந்துவிடும். இங்கே ஒரு மேட்டில் ஏறினால் எதிரே வானம்தான் தெரியும், சாலை அந்தப் பக்கம் இடமா வலமா என்பது ஏற்கெனவே மனப்பாடமாக இருக்க வேண்டும். புது டிராக்குகளில் தப்பினால் சரளைக்கல்லோ அகலமான தார் மைதானமோ இருக்கும், கார் நிற்க இடம் கிடைக்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் ஒரு கார் அகலத்துக்குப் புல், அதைத் தாண்டினால் இரும்புத் தடுப்பு.

ஓட்டாமல் அவ்வளவு தூரம் போய் என்னதான் செய்வது? எங்கே நின்று பார்த்தால் நன்றாக இருக்கும்?
(கொலோன் வாசகர்)

செய்ய ஒரு நாள் போதாது! கொலோனிலிருந்து உங்களுக்கு 90 கிலோமீட்டர் சொச்சம்தான், காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். ரயில் நூர்பர்க் வரைக்கும் போகாது, அதனால் காரில் போவதுதான் வசதி. டிராக்கைச் சுற்றி ஊர்களும் சாலைகளும் பார்க்கிங் இடங்களும் இருக்கின்றன, ஒரு இடத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இடம் என்று போகலாம். மக்கள் ஓட்டும் நாட்களில் காட்டோரம் நின்று பார்ப்பதற்கு டிக்கெட் எதுவும் கிடையாது.

முதலில் ப்ரூன்ஹென் என்கிற வளைவு. கார் நிறுத்தி இறங்கினால் பக்கத்திலேயே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் டிராக். வண்டிகள் இறக்கத்தில் வலது பக்கம் திரும்பி, உடனே இன்னொரு வலது வளைவில் மேலே ஏற வேண்டும். இறங்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போய் பின்பக்கம் லேசாகிவிடும், அந்த நேரம் பார்த்துப் பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் சுற்றிக்கொள்ளும். பழகியவர் அங்கே ஸ்டியரிங்கை ஒரே தடவை திருப்பிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். புதியவரின் கை திருத்திக்கொண்டே இருக்கும், அதை வேலியோரத்திலிருந்தே பார்க்கலாம். டயர் சத்தத்தை வைத்தே யார் எப்படி என்று சொல்லிவிடுவேன் என்கிற கிழவர்கள் மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்க்கில் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு பேச்சுக் கொடுங்கள். அரைகுறை ஜெர்மன் போதும், கார் பெயர்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

அடுத்து ஆடெனாவர் ஃபோர்ஸ்ட் என்கிற வளைவு. அதற்கு முன்னால் ஒரு பெரிய இறக்கம், கார்கள் தலைதெறிக்க வந்து மேலே ஏறும், ஏறியதும் திடீரென்று இடம், வலம் என்று ஒரு மெதுவான திருப்பம். வழி தெரியாதவர்கள் நேராகப் புல்வெளிக்குள் போய் நிற்பார்கள்.

காருசெல் என்கிற வளைவுக்குக் காட்டுப்பாதையில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நடந்தே ஆக வேண்டும், அதைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. வளைவின் உட்பக்கம் சரிவாகக் கான்கிரீட் பாளங்கள் பதித்த ஒரு பள்ளம். முதலில் அது வெறும் வடிகால் போலத்தான் இருந்தது, 1927-ல் இங்கே நடந்த முதல் கார் ரேஸை ஜெயித்த ருடால்ஃப் காராச்சியோலாதான் அதற்குள் சக்கரத்தை இறக்கி ஓட்டினால் வேகம் குறையாது என்று காட்டியவர். இன்றைக்கும் எல்லாரும் அப்படியே போகிறார்கள். பாளத்துக்குப் பாளம் உள்ள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குகிற தட், தட், தட் சத்தத்தோடு காரின் அடிப்பாகம் குலுங்கிக்கொண்டே சுற்றி, கடைசியில் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்ப வெளியே துள்ளும். டிவியில் பார்க்கும்போது அந்தச் சரிவு ஒன்றுமே தெரியாது, பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. எங்காவது ஒரு விபத்து என்றால் டிராக்கை மூடிவிடுவார்கள், அரை மணியும் ஆகும், அரை நாளும் ஆகும். அதோடு ஒரு பக்கம் மழை கொட்டும், 10 கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். மழைக்கோட்டும் சேறு பட்டால் பரவாயில்லை என்கிற ஷூவும் கட்டாயம்.

வார நாட்களில் போக முடிந்தால் இன்னொரு விருந்து: இன்னும் சந்தைக்கு வராத கார்களை, வடிவம் தெரியாதபடி கறுப்பு வெள்ளைச் சுழல் ஸ்டிக்கர் ஒட்டி, கம்பெனிக்காரர்கள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மக்களுக்கு அதன்பிறகு சாயங்காலம்தான் திறப்பார்கள், தேதி வாரியாக அட்டவணை டிராக்கின் இணையதளத்தில் இருக்கும், பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின புனித வெள்ளியன்று மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஜெர்மனியில் உள்ள கார் பைத்தியங்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கேதான்.

1976-ல் ஃபார்முலா ஒன் சாம்பியன் நிக்கி லாடா எரிந்த காரிலிருந்து பிழைத்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?
(கோவை வாசகர், இந்தக் கோடையில் ஐரோப்பா செல்கிறவர்)

பெர்க்வெர்க் என்ற வளைவுக்குச் சற்று முன்னால். ஆடெனாவ் ஊரின் விளிம்பில், பிரைட்ஷைட் என்ற இடத்தில் டிராக் சாலைக்கு மேலே பாலமாகப் போகிறது, அங்கே நின்றால் கார்கள் அந்தப் பக்கம் ஏறிப் போவது தெரியும். அங்கிருந்து காட்டுவழி. பெரிய நினைவுத்தூண் ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், மரங்களும் தடுப்பும் தாரும்தான்.

1976 ஆகஸ்ட் 1. அந்த ரேஸை நடத்த வேண்டாம், இந்த டிராக் பாதுகாப்பானது இல்லை என்று லாடாவே முன்னதாகச் சொல்லிப் பார்த்தார், மற்ற டிரைவர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரத்தில் ஆரம்பித்த ரேஸ், முதல் லேப் முடிவில் காய்ந்த சாலைக்கான டயர் மாற்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது லேப்பில் அவருடைய ஃபெராரி கட்டுப்பாட்டை இழந்து மேட்டில் மோதித் தீப்பிடித்தது. காப்பாற்றியது தீயணைப்புப் படை இல்லை என்பதை அப்பா சொல்லியிருக்கிறாரா? பின்னால் வந்த நான்கு டிரைவர்கள், மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்டல், ரேஸை விட்டுவிட்டுத் தீக்குள் இறங்கினார்கள். சீட் பெல்ட்டைக் கழற்றி இழுத்தவர் ஆர்ட்டூரோ மெர்சாரியோ. 42 நாளில் லாடா இத்தாலியின் மான்சா டிராக்கில் மறுபடி ஓட்டி நான்காவதாக வந்தார், காயம் ஆறாத தலையோடு.

இருபதுக்கு மேல் கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றில் எங்கே எது நடந்தாலும் ஆள் போய்ச் சேர நேரமாகும், அதுதான் இந்த இடத்தின் அடிப்படைக் கோளாறு. எட்டு வருடத்துக்கு முன்னால், 1968-ல், மூடுபனியிலும் மழையிலும் அடிபட்ட மணிக்கட்டோடு நான்கு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த ஃபார்முலா ஒன் டிரைவர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்கு வைத்த பெயர்தான் 'பச்சை நரகம்'. ஜெயித்தவரே அப்படிச் சொன்னார்.

நீங்கள் அப்பாவையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால், 1957-ஐப் பற்றி அவரிடம் கேளுங்கள். 46 வயது அர்ஜென்டினா டிரைவர் ஃபாஞ்சியோ, டயர் மாற்ற நிறுத்தும் பிட் ஸ்டாப்பில் முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்தங்கி, லேப்புக்கு லேப் தன் சாதனையைத் தானே உடைத்து, முன்னால் போன இரண்டு ஃபெராரிகளையும் கடைசிக்கு முந்தின லேப்பில் தாண்டினார். அதுவே அவருடைய கடைசி வெற்றி, ஐந்தாவது உலக சாம்பியன் பட்டமும் அன்றே உறுதியானது. கார் ரேஸில் இதைவிடப் பெரிய நாள் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது ஃபார்முலா ஒன் அங்கே நடப்பதில்லையா?
(மதுரை வாசகர்)

லாடா விபத்துக்குப்பின் நோர்ட்ஷ்லைஃபேயில் நடக்கவே இல்லை. பக்கத்தில் 1984-ல் திறந்த புது டிராக்கில் நடந்தது, நம்ம நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் காரில் ஓட்டியது அதில்தான். கடைசியாக 2020-ல் நடந்தது, ஷூமாக்கரின் 91 வெற்றிகளை ஹாமில்டன் சமன் செய்த ரேஸ். பழையதையும் புதியதையும் சேர்த்து ஓடுகிற 24 மணி நேர ரேஸ் மட்டும் வருடாவருடம் உண்டு, அதற்கு ஒரு நாள் பயணம் பத்தாது, கூடாரத்தோடு போக வேண்டும்.

என் மகளுக்கு 14 வயது, ரேஸ் என்றால் உயிர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாருக்கோ காரில் துளியும் ஆர்வமில்லை. எல்லாரையும் ஒன்றாக அழைத்துப் போகலாமா?
(டுசல்டோர்ஃப் வாசகி)

தாராளமாக. பெரியவர்களுக்கு நூர்பர்க் கோட்டை இருக்கிறது, இடிந்த பழைய மலைக்கோட்டை, மேலே ஏறினால் சுற்றுவட்டாரம் முழுக்கக் காடும் மேடும்தான், காற்று சில்லென்று இருக்கும், மாமியாருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது, அங்கே கிடைப்பது பெரும்பாலும் இறைச்சியும் உருளைக்கிழங்கு வறுவலும்.

மகளுக்கு சபீனே ஷ்மிட்ஸ் பற்றிச் சொல்லி அழைத்துப் போங்கள். நூர்பர்க் ஊரிலேயே குடும்பத்து ஹோட்டலில் வளர்ந்தவர். 1996-ல் 24 மணி நேர ரேஸை ஜெயித்தார், அதை ஜெயித்த முதல் பெண், அடுத்த வருடமும் ஜெயித்தார். பயணிகளை ஏற்றிக்கொண்டு டிராக்கைச் சுற்றிக் காட்டும் காரையும் பல வருடம் ஓட்டினார், ஒரு கையால் ஸ்டியரிங், வாய் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சு என்று. 2021 மார்ச்சில் புற்றுநோயில் இறந்தார். நோர்ட்ஷ்லைஃபேயின் முதல் வளைவுக்கு இப்போது அவர் பெயர். அந்த டிராக்கில் சாம்பியன்கள் எத்தனையோ பேர் ஓட்டியிருக்கிறார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண் என்று பேசுவது இவரைத்தான்.

பைக்கில் போய் ஒரு லேப் ஓட்டலாமா?
(ஸ்டுட்கார்ட் வாசகர்)

முடியாது. 2025 சீசனிலிருந்து மக்கள் ஓட்டும் நேரங்களில் பைக்குக்கு அனுமதி இல்லை. பைக்குக்கென்று தனியாக நடத்தும் பயிற்சிகளில் சேர்ந்தால் ஓட்டலாம். என்னைக் கேட்டால் நல்ல முடிவு, கார் கொட்டிய ஆயிலில் முதலில் விழுகிறவர் பைக் ஓட்டுகிறவர்தான்.

முதல் தடவை ஓட்ட வேண்டாம் என்கிறீர்கள், சரி. பிறகு எப்போதுதான் ஓட்டலாம்?
(முனிக் வாசகர்)

ஒரு தடவை காட்டோரம் நின்று பாருங்கள். அடுத்த தடவை அனுபவமுள்ள டிரைவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு லேப் போங்கள், காசு கட்டினால் அதற்கு ஆள் இருக்கிறார்கள், சீசன் ஆரம்பிக்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் சிமுலேட்டர் இருந்தால் வளைவுகளின் வரிசை மனதில் ஏறும்வரை அதில் ஓட்டுங்கள், ஆனால் மேடு பள்ளத்தில் வயிறு கலங்குவதை அது சொல்லித்தராது. அதன்பிறகு டிராக்கில் ஓட்டுவதற்கென்றே தயார் செய்த கார்களை அந்த ஊரிலேயே வாடகைக்குத் தருகிறார்கள், அதில் சக்தி குறைந்த சின்னக் காராகப் பார்த்து எடுங்கள். விபத்து நேர்ந்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத வார நாள் சாயங்காலமாகத் தேர்ந்தெடுத்து, இரண்டே லேப், கண் பாதி நேரம் பின்பார்க்கும் கண்ணாடியில் இருக்கட்டும். மழை தூறினால் அன்றைக்கு ஓட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.