பழைய கமடோரில் ஒரே வெக்டர், பல புரோகிராம்கள்: கேள்வி பதில்

கமடோர் 64 போன்ற பழைய வீட்டுக் கணினிகளில், மெமரியிலேயே தங்கி ஓடும் புரோகிராம்கள் பற்றிப் புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டவை.

லாஸ்பேட்டை நண்பர்: சார், திரையில் கடிகாரம் காட்ட ஒரு புரோகிராம், கீயைத் தட்டினால் ஒலி தர இன்னொன்று. இரண்டையும் ஏற்றினால் கடிகாரம் நின்றுவிடுகிறது. ஏன்?

இரண்டுக்குமே 788, 789 என்ற இரு மெமரி இடங்கள் வேண்டும். எங்கே தாவ வேண்டும் என்ற முகவரியை வைத்திருக்கும் இந்த ஜோடிதான் வெக்டர். விநாடிக்குச் சுமார் 60 முறை இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடையில் நிறுத்தும் அழைப்பு) வரும்போது, ரோம் (மெஷினிலேயே நிலையாகப் பதிந்த மென்பொருள்) அந்த இரு பைட்டில் உள்ள முகவரிக்குத்தான் தாவுகிறது. மெஷினைப் போட்டதும் அங்கே இருப்பது 59953. கீபோர்டைப் படிப்பதும் கர்சரைச் சிமிட்டுவதும் அங்கிருந்துதான். உங்கள் ஒலி புரோகிராம் தன் முகவரியை எழுதிவிட்டு, வேலை முடிந்ததும் நேராக 59953க்குப் போகிறது. கடிகாரத்தை யாரும் கூப்பிடுவதே இல்லை.

எழுதுவதற்கு முன் அங்கே இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, முடிவில் அங்கேயே தாவுங்கள். அது 59953ஆ, இன்னொருவர் புரோகிராமா என்று நாம் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் வந்தவருக்குத் தரவேண்டிய மரியாதை அது.

ஒன்று கவனம்: எடுத்து வைக்கும் இரு பைட்டும் ஒரே பக்கத்தில் (256 பைட் கொண்ட ஒரு மெமரிப் பகுதியில்) இருக்கட்டும். முகவரியின் கீழ்ப் பைட் 49407இல் இருந்தால், மறைமுக ஜம்ப் (மெமரியில் உள்ள முகவரியைப் படித்து அங்கே தாவும் கட்டளை) மேல் பைட்டை 49408இல் தேடாமல் 49152இல் எடுத்துவிடும். கமடோரின் பிராசஸர் சிப்பின் பிறவிக் குறை அது.

மஞ்சக்குப்பம் நண்பர்: பேசிக் மொழியில் போக் (மெமரியில் எழுதும் கட்டளை) 788, போக் 789 கொடுத்தால் மெஷின் உறைகிறது. உப்புக்காற்றில் கார்ட்ரிட்ஜ் களிம்பேறியதோ என்று சுரண்டிக்கூடப் பார்த்துவிட்டேன்.

கார்ட்ரிட்ஜை விட்டுவிடுங்கள். இரண்டு போக்குக்கும் நடுவே இன்டரப்ட் நுழைகிறது. முகவரி பாதி பழசு, பாதி புதுசு. இன்டரப்டை நிறுத்த முன்னால் போக் 56333,127, மறுபடி விட பின்னால் போக் 56333,129, எல்லாம் ஒரே வரியில். நடுவில் கீபோர்டு வேலை செய்யாது. மெஷின் கோடில் அதையே செய்ய எஸ்இஐ, சிஎல்ஐ என்ற இரு கட்டளைகள் போதும்.

நெல்லித்தோப்பு நண்பர்: அண்ணா, 49152இல் உள்ள என் புரோகிராமைத் தொடங்கும் சிஸ் 49152 கட்டளையைத் தெரியாமல் இரண்டு தடவை கொடுத்தால்?

இரண்டாம் தடவை அது சேமிப்பது தன் முகவரியையே. அப்புறம் தனக்குள்ளேயே சுற்றும், தம்பி. வெக்டரில் ஏற்கெனவே நம் முகவரி இருந்தால் எதையும் எழுதாமல் திரும்பிவிட வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் நண்பர்: புரோகிராமை நீக்குவது எப்படி?

எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான். வெக்டரில் இன்னும் நம் முகவரியே இருந்தால் பழையதை எழுதிவிட்டு வெளியேறலாம். இல்லையென்றால் நமக்குப் பின் ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவர் சேமித்திருப்பது நம் முகவரி, எங்கே என்று நமக்குத் தெரியாது. அப்போது வெக்டரில் கை வைத்தால் அவரும் அறுந்துபோவார். நம் இடத்தில் வேறு எதையாவது ஏற்றினால் மெஷின் நின்றுபோகும். ஆகவே ஒரு பைட்டைக் கொடியாக (ஓடலாமா கூடாதா என்ற அடையாளமாக) வையுங்கள். அது 0 ஆனால் எதுவும் செய்யாமல் பழைய முகவரிக்குத் தாவட்டும். கொஞ்சம் மெமரி போகும், போகட்டும்.

ரன்ஸ்டாப், ரெஸ்டோர் கீகளைச் சேர்த்துத் தட்டினால் இந்த வெக்டர் ரோமின் மதிப்புக்குத் திரும்பும். அதை நீக்கும் வழியாக நான் சொல்ல மாட்டேன், மற்றவர்களும் போய்விடுவார்கள்.

கடலூர் ஆசிரியை: பள்ளியில் கழித்துக்கட்டிய பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினி இருக்கிறது. அதிலும் இதே கதையா?

ஆமாம் டீச்சர், ஆனால் வெக்டர்கள் 512இல் தொடங்குகின்றன. எழுத்தை அச்சிடும் ஒவ்வொரு அழைப்பும் 526 வழியாகப் போகும். இன்டரப்டுக்கு இரண்டு: 516க்கு எல்லாம் முதலில் வரும், 518க்கு இயக்க மென்பொருள் தனக்குத் தெரியாது என்று விட்டவை மட்டும். நீங்கள் இணைத்த சாதனத்துக்கு 518 போதும்.