வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஓர் ஆறு

கேள்வி: பெங்களூர் கம்மனஹள்ளியில் குடியிருக்கிறேன். வயது 39. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினியர். சொந்த ஊர் மேட்டூர், அணைத் தண்ணீரில் தூண்டில் போட்டே வளர்ந்தவன். மனைவி, ஆறாவது படிக்கும் மகளோடு நியூசிலாந்து போய்விடலாமா என்று யோசனை. அங்கே ஃபிளை ஃபிஷிங் ரொம்பப் பிரபலம் என்கிறார்கள். இந்த வயதில் அது கைக்கு வருமா? சாமான்களை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா? பிடித்த மீனைச் சமைக்கலாமா? அன்றாட வாழ்க்கை எப்படி? என் மனைவிக்கு மீன் நாற்றமே ஆகாது.

பதில்: மேட்டூர்க்காரர் என்பதால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கற்றதில் பாதியை மறக்கவும் வேண்டியிருக்கும்.

நீங்கள் பழகிய தூண்டிலில் தங்கூசி நரம்புக்கு எடையே கிடையாது. நுனியில் கட்டிய ஈயக்குண்டுதான் புழுவையும் நரம்பையும் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுகிறது. ஃபிளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். நுனியில் இருப்பது பூச்சி மாதிரித் தெரிய இறகும் நூலும் சுற்றிய ஒரு சின்ன முள், ஊதினால் பறந்துவிடும். அதை எறிய முடியாது. அதனால் நரம்பையே தடியாக, எடையோடு செய்திருக்கிறார்கள். நீங்கள் வீசுவது நரம்பை. பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானசவாடி பக்கம் ஒரு மைதானத்தில் நாலைந்து பேருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல், முப்பது அடி தள்ளி புல்லில் ஒரு பித்தளைத் தாம்பாளம். வருகிற எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான். ராடை, அதாவது தூண்டில் கம்பை, பின்னால் தூக்கியதும், நரம்பு முழுசாகப் பின்பக்கம் நீள்வதற்குள் முன்னால் வீசிவிடுவார்கள். காளை விரட்டுகிற சாட்டை மாதிரி 'சடார்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் நிஜ ஆற்றில் பூச்சி அறுந்து போயிருக்கும் என்று அர்த்தம். பின்னால் ஒரு நொடி பொறுக்க வேண்டும். நரம்பு விறைத்து ராடை லேசாகப் பின்னுக்கு இழுப்பது கட்டைவிரலில் தெரியும், அப்போதுதான் முன்வீச்சு. பலசாலிகளுக்கு இது வர நாளாகும். ஒரு பரதநாட்டிய டீச்சருக்கு ஒரே காலையில் வந்துவிட்டது. பக்கத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் "மீனு எல்லி அங்கிள்?" (மீன் எங்கே அங்கிள்?) என்று கன்னடத்தில் கேட்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

வயது ஒரு தடையே இல்லை. ஒன்பது அடி நீளம், ஐந்து அல்லது ஆறாம் எண் ராடு (எண் என்பது அது தாங்கும் நரம்பின் எடையைக் குறிப்பது), நாலு துண்டாகக் கழற்றக்கூடியது, நரம்பு சுற்ற அதற்குப் பொருத்தமான ரீல், மிதக்கும் நரம்பு. தொடங்க இது போதும். அங்கே போன பிறகு முதலில் செலவழிக்க வேண்டியது ராடுக்கு அல்ல, தண்ணீர்மேல் வெயில் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடிக்கு. நியூசிலாந்தில் பல ஆறுகளின் தண்ணீர் அடிக்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. குத்துமதிப்பாக வீசிவிட்டுக் காத்திருக்கும் வேலை அங்கே எடுபடாது. கரையோரமாகக் குனிந்து நடந்து, மீனைக் கண்ணால் பார்த்து, அது எந்தப் பக்கம் திரும்பி மேய்கிறது என்று கவனித்து, அதற்குச் சற்று மேலே நீரோட்டத்தில் பூச்சியை இறக்க வேண்டும். உங்கள் நிழல் விழுந்தால் மீன் போய்விடும். நான் போன முதல் வருடம் தண்ணீரில் நின்ற நேரத்தைவிடப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

அங்கே ஃபிளை ஃபிஷிங்கில் பிடிப்பது டிரவுட் என்ற குளிர்நீர் மீன். அதுவும் அந்த மண்ணின் மீன் இல்லை. பழுப்பு டிரவுட் முட்டைகள் 1860களில் டாஸ்மேனியாவிலிருந்து வந்தவை, வானவில் டிரவுட் 1880களில் கலிபோர்னியாவிலிருந்து. நம் நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் வந்ததும் அதே ஆங்கிலேயப் பித்தினால்தான். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் பழைய ஆற்று மீன் விலாங்கு. அதன் மாவோரிப் பெயர் 'துனா'. சூப்பர்மார்க்கெட் டின்னில் 'டியூனா' என்று இருக்கும் சூரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பருவத்தை நம் மாதங்களில் சொன்னால் மனதில் நிற்கும். பெரும்பாலான ஆறுகள் அக்டோபர் 1 அன்று திறக்கும், நமக்கு அது புரட்டாசி. விரதக்காரர்களுக்குச் சங்கடம்தான், பிடித்துத் திரும்ப விட்டுவிட்டால் பெருமாள் கோபிக்க மாட்டார் என்று ஒரு நண்பர் சமாதானம் சொல்லிக்கொள்வார். பொங்கல் சமயம் உச்சக் கோடை. சில்வண்டுகள் மரத்திலிருந்து தண்ணீரில் விழ, பெரிய மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும் காலம். பல ஆறுகள் ஏப்ரல் கடைசியோடு மூடிக்கொள்ளும். ஆடி மாதம் கடுங்குளிர், ஆனால் அப்போதும் வடதீவின் டௌபோ ஏரியிலிருந்து முட்டையிட டோங்காரிரோ ஆற்றில் ஏறும் வானவில் டிரவுட்டுக்காக ஆட்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

லைசென்ஸ் கட்டாயம். 'ஃபிஷ் அண்ட் கேம்' அமைப்பு கொடுக்கும் லைசென்ஸ் அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை செல்லும். ஒரு நாளுக்கும் எடுக்கலாம், குடும்பத்துக்கு என்றே ஒன்றும் உண்டு. டௌபோ பகுதி மட்டும் வேறு நிர்வாகம், அதற்குத் தனி லைசென்ஸ். அங்கே வசிப்பவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிட அதிகம். போன புதிதில் உங்கள் விசாவுக்கு எது பொருந்தும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சமைக்கலாமா என்றால், தாராளமாக. ஒரு நாளைக்கு எத்தனை என்பது ஆற்றுக்கு ஆறு மாறும், சில இடங்களில் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. ஒரு விசேஷம்: அந்த நாட்டில் டிரவுட்டை விற்பது சட்டவிரோதம். கடையில் கிடைக்காது, ஓட்டல் மெனுவில் இருக்காது. சாப்பிட வேண்டுமென்றால் பிடிக்க வேண்டும், இல்லை பிடித்தவர் பிரியப்பட்டுக் கொடுக்க வேண்டும். புளிக்குழம்புக்கு அந்த மீன் தோதில்லை என்பது என் தீர்ப்பு. மஞ்சள், மிளகு, உப்பு தடவித் தோசைக்கல்லில் போட்டால் அருமை. குழம்பு ஆசைக்குக் கடல் இருக்கிறது. கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட லைசென்ஸே வேண்டாம், தினசரி அளவு மட்டும் உண்டு. அங்கே பலர் ஸ்னாப்பர் மீனின் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையைக் கழித்துவிடுவார்கள். ஆக்லாந்து மீன் கடைகளில் அந்தத் தலைகள் மலிவு. தலைக்குழம்பு தெரிந்தவனுக்கு அது சொர்க்கம்.

சாமான் விஷயத்தில்தான் கவனமாக இருக்கச் சொல்வேன். ராடு, ரீலைக் கொண்டுபோகலாம். ஆனால் தண்ணீரில் பயன்படுத்திய எதுவானாலும் நாட்டுக்குள் நுழையும்போது தரும் வருகை அறிவிப்பில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். 2004இல் தென்தீவின் ஆற்றில் 'டிடிமோ' என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது, பாறையெல்லாம் அழுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி ஆக்கிவிடும். ஒரு துளி ஈரம் போதும், வேறு ஆற்றுக்குத் தாவிவிடும். அதனால் ஆற்றில் இறங்கப் போடும் பூட்ஸின் அடியில் ஒட்டும் ஃபெல்ட் துணியையே 2008இல் தடை செய்துவிட்டார்கள், அது சீக்கிரம் காயாது என்பதால். இங்கே யாராவது ஃபெல்ட் அடி பூட்ஸ் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். சொல்லாமல் எடுத்துப்போய் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். என் பழைய நடைபூட்ஸில் கூர்க் மண் ஒட்டியிருந்தது. ஆம் என்று எழுதியிருந்தேன். அதிகாரி திட்டவில்லை. உள்ளே எடுத்துப்போய்க் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். சொந்தச் செலவில் பூட்ஸ் கழுவிக் கொடுக்கிற அரசாங்கத்தை அன்றுதான் பார்த்தேன். பூச்சி கட்டுகிற இறகுகளும் ரோமமும் இங்கேயே இருக்கட்டும். அம்மா கட்டித் தரும் கறிவேப்பிலையும் தேனும்கூடத்தான்.

அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய பெங்களூர்க்காரருக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே வாடகை வாரக்கணக்கு, பாண்டு என்கிற முன்பணம் அதிகபட்சம் நாலு வார வாடகை. அதுவும் வீட்டுக்காரர் பையில் போகாது, அரசு அமைப்பிடம் போய் உட்காரும். பெயிண்ட் அடித்தேன் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் கதை நடக்காது. கெட்ட செய்தி, பழைய மரவீடுகள் நடுங்க வைக்கும் குளிர். வாடகை வீடுகளுக்கு வெப்ப வசதி, சூடு வெளியேறாத தடுப்பு, காற்றோட்டம் இருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூலையிலிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயமாகியிருக்கிறது. வீடு பார்க்கும்போது அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் அடுத்த வீடு.

அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. காலையில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா கிடையாது. அயர்ன் வண்டி கிடையாது. பத்து நிமிடத்தில் கொத்தமல்லி கொண்டுவரும் பையன் கிடையாது. புல் வெட்டுவது முதல் டாய்லெட் கழுவுவது வரை நீங்கள்தான், எல்லாம் சனிக்கிழமைக்கு வந்து சேரும். உங்கள் கடிதத்தில் மீன் நாலு இடத்தில் வருகிறது. மனைவி கடைசி வரியில்தான் முழுசாக வருகிறார், அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு. அங்கே சனிக்கிழமை விடிவதற்குள் நீங்கள் ராடை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், குளிர் வீட்டில், துணி மூட்டையோடு உட்காரப்போவது அவர்தான். இதனால் திரும்பி வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆற்றின் பேரில் யாரும் சொல்ல மாட்டார்கள், 'பெண்ணுக்கு அங்கே ஒத்துவரவில்லை' என்பார்கள்.

அதனால் என் ஆலோசனை: மீன்பிடிப்பைச் சனி ஞாயிறிலிருந்து எடுத்து வாரநாள் மாலைக்கு மாற்றுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். ஐந்து மணிக்கு வேலை முடிந்தால், சில்க் போர்டு சிக்னலில் நாம் நிற்கிற நேரத்தில் நீங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கலாம். மாலையில் பூச்சிகள் எழும் நேரமும் அதுதான். ஆனால் ஆறு வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்க வேண்டும். ஆக்லாந்தில் இந்தியர்கள் அதிகம், வேலையும் அதிகம், ஆனால் டௌபோ போக இங்கிருந்து ஊட்டி போகிற தூரம். வாரநாளில் நடக்காது. எனக்குப் பிடித்த இடம் வெலிங்டனை ஒட்டிய ஹட் பள்ளத்தாக்கு. ரயில் ஓடும் புறநகர், அதன் நடுவே பழுப்பு டிரவுட் உள்ள ஆறு. நியூலேண்ட்ஸில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு முதல் தோழி பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார். காற்று மட்டும் பேய்க்காற்று, வீச்சு கொஞ்சம் திணறும். கிறைஸ்ட்சர்ச், பால்மர்ஸ்டன் நார்த் பக்கமும் பார்க்கலாம். எங்கே வேலை கிடைக்கிறதோ அந்த ஊர் வரைபடத்தை விரித்து, முதலில் பள்ளி எல்லையை (எந்த வீடு எந்தப் பள்ளிக்குச் சேரும் என்பதை) பாருங்கள், அடுத்து ஆற்றை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்து விசா. நியூசிலாந்து குடியேற்ற ஆலோசனை சொல்கிறவர் அந்த நாட்டு 2007 சட்டப்படி லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். அவர் பெங்களூரில் ஆபீஸ் போட்டிருந்தாலும் இதே விதிதான். பதிவேடு இணையத்தில் இருக்கிறது, பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ஃபீஸ் கொடுங்கள். என் அண்ணன் மகன் தேடாமல் கொடுத்தான்.

மேட்டூரில் நீந்தியவர் என்பதால் இன்னொன்று. அந்த ஆறுகளில் சில பனி உருகிய தண்ணீர், மலையில் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் நிறம் மாறி ஏறிவிடும். மார்பு வரை போடும், தண்ணீர் புகாத உடைக்கு அங்கே 'வேடர்ஸ்' என்று பெயர், நம் கண்ணப்பர் சாதி இல்லை. அதன் இடுப்புப் பெல்ட்டை இறுக்காமல் தண்ணீரில் இறங்கவே கூடாது, வழுக்கினால் உடைக்குள் தண்ணீர் நிறைந்துவிடும். கால் முறிந்தால் ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்பீடு சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும், வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தாலும். ஆனால் அது ஆற்றில் அடித்துப்போன ஆளை மீட்டுத் தராது.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள், ராடு நான் தருகிறேன். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கம்பளி நூலுக்கு நாற்றம் கிடையாது.